நங்கூரம் கிடக்கும் மண்டலம்

எங்கள் ஊர் தினமும் எல்லை தாண்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. கடல் ஏறும்போது ஊர் வடக்கே போகும், வற்றும்போது தெற்கே வரும். காலையில் சமையல்கூடத்துச் சன்னலில் மலை தெரிந்தால் மதியம் அதே சன்னலில் வெறும் கடல் தெரியும். அதற்கேற்ப துணி காயப்போடும் கொடியை மாற்றிக் கட்டுவோம். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

ஊரின் பெயர் அங்கோர்வா. நங்கூரம் போடும் இடம் என்று வேல்ஸ்காரர்கள் மொழியில் பொருள். வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையைக் கடல் விழுங்கியபோது, மலைக்கு அந்தப் பக்கம் போகமாட்டோம் என்று அடம்பிடித்த மக்களுக்காகக் கடலின் மேலேயே கட்டிய ஊர் இது. பெரிய எஃகு மிதவைகளை ஒன்றோடு ஒன்று பூட்டி அவற்றின் மேல் வீடுகள், பள்ளிக்கூடம், ஒரு கோயில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையல்கூடம். அடியில் நீரோட்டத்தில் சுற்றும் டர்பைன்கள். கரையில் பாதி வேல்ஸுக்கு வெளிச்சம் எங்கள் காலடியிலிருந்துதான் போகிறது. அந்த டர்பைன்களைப் பார்த்துக்கொள்ளக் கடல் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று எங்களை அழைத்து வந்தார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. அதையும் கடல் எடுத்துக்கொண்டது. ஆக, வீட்டைக் கடலிடம் கொடுத்த இரண்டு கூட்டங்கள் அதே கடலின் மேல் அடுத்தடுத்த வாசலில் குடியேறினோம்.

வேல்ஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர்களுக்குள் குடும்பப் பெயர்கள் மிகக் குறைவு. தெருவுக்குப் பத்து ஜோன்ஸ் இருப்பதால் ஆளைத் தொழிலோடு சேர்த்துக் கூப்பிடுவார்கள். சங்கிலி பார்க்கும் கிழவர் இத்வால் சங்கிலி. ரொட்டி சுடுகிறவர் நெரிஸ் ரொட்டி. எங்களுக்குள்ளும் பெர்னாண்டோக்களும் மோத்தாக்களும் இறைந்து கிடந்ததால் அந்த வழக்கம் வந்த வாரமே ஒட்டிக்கொண்டது. நங்கூர அறையில் வேலை பார்த்த என் அக்கா, டெல்பின் நங்கூரம் ஆனாள். சமையல்கூடத்தில் இருந்த என்னை ஊரே பிரின்சி குழம்பு என்றது.

ஊருக்கு ஒரே ஒரு நங்கூரம்தான். அது எங்கள் பெருமை. ஊரை வரைந்த பொறியாளர்கள் நான்கு மூலைக்கும் நான்கு நங்கூரம் போட்டு அசையாமல் இறுக்கிவிடத்தான் நினைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் இத்வால் எழுந்து, ஒரு தேக்கரண்டியை நூலில் கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டு, கையால் தண்ணீரைக் கலக்கிக் காட்டினார். கரண்டி ஓட்டத்தோடு திரும்பியது, நூல் அறவில்லை. அவர் பேசிய மொழி எங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை. ஆனால் கரண்டி புரிந்தது. எங்கள் பக்கத்திலிருந்து அத்தனை பேரும் கை தட்டினார்கள். கட்டிப்போட்ட படகைக் கடல் உடைக்கும், திரும்ப விட்ட படகை உடைக்காது என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். பேச ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாத நாளிலேயே நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவு அது. அந்தக் கரண்டி இன்றும் பொதுக்கூடச் சுவரில் தொங்குகிறது.

அந்த ஒற்றை நங்கூரம்தான் எங்கள் ஓட்டைத் தின்றது.

தேர்தலுக்கு முந்தைய வசந்தத்தில் கரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பெயர் கெத்தின். எல்லை அலுவலர். முப்பது வயதுகூட இருக்காது. படகிலிருந்து இறங்கும்போதே முகம் பச்சையாக இருந்தது. வணக்கம் சொல்வதற்கு முன் கைப்பிடியைத் தாண்டிக் குனிந்து வாந்தி எடுத்தார். சட்டைக் காலரில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி குத்தியிருந்தது. அவர் என்ன சொன்னாலும் அதைத் தமிழில் சொல்லும். அதற்குச் செந்தமிழ் மட்டும்தான் தெரியும்.

"பொறுத்தருள்க. எனக்குக் கடல் ஒவ்வாது," என்றது கருவி.

"அதான் பாத்தோமே," என்றாள் ஊருக்கே அண்ணியான லூர்தம்மா மைனி. "ஏட்டி பிரின்சி, தம்பிக்குச் சுக்குக் காப்பி போட்டுக் குடு."

மூன்று தம்ளர் சுக்குக் காப்பிக்குப் பிறகு அவர் பொதுக்கூடத்தில் உட்கார்ந்து வந்த காரியத்தைச் சொன்னார். வாக்காளர் பட்டியலை இப்போது மனிதர்கள் எழுதுவதில்லை. யாரும் போய்ப் பெயர் கொடுக்கவும் வேண்டாம். கதவு திறக்க, மருந்து வாங்க எல்லோரும் கையில் ஒரு பட்டை கட்டியிருக்கிறோமே, அந்தப் பட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பட்டியல் இயந்திரம் கணக்கெடுப்புப் பருவம் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்கும். நான்கில் மூன்று பங்கு நேரம் எந்த மண்டலத்தில் இருக்கிறாயோ அந்த மண்டலத்து வாக்காளர் நீ. ஏழை, வீடில்லாதவர், படிக்காதவர் யாரும் விட்டுப்போகக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த ஏற்பாடு. உண்மையில் யாரும் விட்டுப்போகவும் இல்லை, எங்களைத் தவிர.

வட வேல்ஸ் மண்டலத்துக்கும் நடு-மேற்கு வேல்ஸ் மண்டலத்துக்கும் நடுவில் முன்பு ஓர் ஆறு எல்லையாக ஓடியது. ஆறு மூழ்கிய பிறகும் சட்டத்தில் எல்லை அதே ஆற்றின் நடுக்கோடுதான். அந்தப் பள்ளத்தின் மேல்தான் நீரோட்டம் வேகமாக ஓடும், அதனால் டர்பைன்களை அங்கே வைத்தார்கள், அதனால் ஊரையும் அங்கே கட்டினார்கள். ஏற்றத்தில் ஊர் வட மண்டலத்தில் இருக்கும். வற்றத்தில் நடு-மேற்கில் இருக்கும். இங்கே பாதி, அங்கே பாதி.

"ஆகையால் தாங்கள் அனைவரும் பயணத்தில் இருப்பவர்கள் என்று இயந்திரம் கருதுகிறது," என்றது கருவி.

"எங்க போறோமாம்?" என்று கேட்டாள் லூர்தம்மா மைனி.

கூடம் சிரித்தது. கெத்தினும் சிரிக்கப் பார்த்தார். பயணத்தில் இருப்பவர்களுக்கு மண்டலம் இல்லை, மண்டலம் இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை என்று அவர் அடுத்துச் சொன்னதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

வேல்ஸ் பேரவைக்கு அப்போது ஆளுக்கு இரண்டு ஓட்டு. இடையில் கைவிட்ட அந்த முறையைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று தொகுதிக்கு, ஒன்று மண்டலத்துக்கு. தொகுதி ஓட்டில் எங்களைப் போன்ற சின்ன ஊர் உலையில் போட்ட உப்பு மாதிரி கரைந்துவிடும். மண்டல ஓட்டில் அப்படி இல்லை. மண்டலத்துக்கு நான்கு இடம், கட்சிகள் வாங்கிய ஓட்டுக்குத் தக்கபடி பிரிப்பார்கள். நான்காவது இடம் போன முறை ஒரு திருமண வீட்டுக் கூட்டம் அளவு ஓட்டில் கைமாறியது. அங்கோர்வா மக்களை மலைக்கு உள்ளே குடியமர்த்திவிட்டு டர்பைன்களை இயந்திரங்களிடம் விடலாமா என்று அடுத்த பேரவை பேசப்போகிறது. அதைப் பேசும் இடத்தில் எங்களுக்கு ஓர் ஆள் இருப்பாரா இல்லையா என்பது அந்த நான்காவது இடத்தில் இருந்தது.

"முறையிட்டால் என்ன?" என்று நெரிஸ் ரொட்டி அவர்கள் மொழியில் கேட்டார். கெத்தின் முடியாது என்று தலையசைத்தார். பட்டியலில் இருந்து பெயர் நீங்கியவர்தான் முறையிட முடியும், அதுவும் நீங்கிய அதே பருவத்தில். எங்கள் பெயர்கள் எப்போதும் பட்டியலில் இருந்ததே இல்லை. இத்வால் அண்ணன் கூட்டத்தின் பெயர்கள் அவர்கள் ஊர்கள் மூழ்கிய வருடமே நீங்கிவிட்டன. அப்போது சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மேடேறத்தான் நேரம் இருந்தது.

அப்போதுதான் என் அக்கா எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. சங்கிலியோடு வேலை செய்து செய்து அவளுக்கும் சங்கிலி மாதிரி, இழுத்தால் ஒழியச் சத்தம் வராது.

"தம்பி," என்றாள். "எனக்கு நாப்பத்திரெண்டு வயசு. நான் இதுவரைக்கும் ஓட்டே போட்டதில்ல. ஊரு போகும்போது எனக்கு வயசு வரல. வயசு வந்தப்போ ஊரு இல்ல. முகாம்ல இருந்தப்போ தற்காலிக முகவரின்னாவ. கப்பல்ல இருந்தப்போ முகவரியே இல்லன்னாவ. இந்த நாட்டுலதான் குடியுரிமை கேக்க மாட்டோம், குடியிருந்தா போதும்னு சொன்னிய. நான் குடியிருக்கேன். இன்னும் என்ன செய்யணும், சொல்லுங்க."

கருவி அதை அவர் காதில் என்னவாகச் சொன்னதோ தெரியாது. கெத்தின் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அக்கா ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். ஓட்டுப் போட்டுவிட்டு அப்பா அப்படியே மடிக்கு, அதாவது கடலில் வலை வீச, போவாராம். விரலில் மை. வலை இழுக்கும்போது உப்புத் தண்ணீர் எத்தனை பட்டாலும் அந்தக் கறுப்பு போகாதாம். வாரக் கணக்கில் அவர் சோறு பிசையும்போதெல்லாம் அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். நான் முகாமில் பிறந்தவள். அப்பாவின் விரலை மை இல்லாமல்தான் பார்த்திருக்கிறேன்.

கெத்தின் ஒரு வழி சொன்னார். கணக்கெடுப்புப் பருவம் இனிமேல்தான் தொடங்குகிறது. அந்தப் பருவம் முழுவதும் ஊரை ஒரே பக்கமாக நிறுத்திவைக்க முடியுமா? பின்பக்கம் இன்னொரு நங்கூரம் போட்டு இறுக்கிவிட்டால் இயந்திரத்துக்கு எங்களை ஒரு மண்டலத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆனால் மிதக்கும் ஊர் பருவம் முடியும் வரை நிற்க வேண்டும், நடுவில் ஒரு முறை எல்லை தாண்டினாலும் அதுவரை நின்ற நாட்களும் கணக்கில் சேராது.

கூடத்தில் எல்லோரும் சுவரில் தொங்கிய கரண்டியைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு நடந்த சண்டை, எங்கள் ஊர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். நிறுத்தலாமா வேண்டாமா என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில்தான் மூண்டது. ஆற்றுக்கு வடக்கே பிறந்தவர்கள் வடக்கு என்றார்கள், தெற்கே பிறந்தவர்கள் தெற்கு என்றார்கள். ஆறும் இல்லை, கரைகளும் இல்லை, ஆனாலும் இத்வாலும் நெரிஸும் அதற்காக மூன்று வேளை ஒருவரோடு ஒருவர் பேசாமல் சாப்பிட்டார்கள். இத்வால் எங்கள் ஆட்களோடு படகில் போய்த் தமிழ் கற்றவர். முதலில் கெட்ட வார்த்தைகள், பிறகு மீன் பெயர்கள், கடைசியில் மற்றதெல்லாம்.

"எல்லாம் கேளுங்கல," என்றார் அவர். "தெக்க போய் ஓட்டுப் போட்டேன்னு தெரிஞ்சா எங்கப்பன் கல்லறையில இருந்து எந்திரிச்சி வந்துருவான்."

"ஒங்கப்பா கல்லறை முப்பது பாகம் ஆழத்துல தண்ணிக்கு அடியில இருக்கு, அண்ணே," என்றாள் அக்கா. "நீச்சல் தெரியுமா அவருக்கு?"

"தெரியாது."

"அப்ப பயப்படாதீங்க."

கடைசியில் வடக்கு என்று முடிவானது. அக்கா சொன்ன காரணத்துக்காக. வடக்கே நிறுத்தினால் சங்கிலிக்குக் கொஞ்சம் பாரம் குறையும்.

அமரத்தில், அதாவது ஊரின் பின்பக்கத்தில், இரண்டாவது நங்கூரத்தை இறக்கினார்கள். ஊர் நின்றது. நிற்கும் ஊரில் எப்படி வாழ்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஓட்டம் பக்கவாட்டில் வந்து மோதியபோது எல்லா வீடுகளும் முனகின. கதவுகள் சட்டத்தில் இறுகிக்கொண்டன. என் குழம்பு எப்போதும் ஒரே பக்கம் வழிந்தது. கணக்கு சரியாக நடக்கிறதா என்று சான்று கொடுப்பதற்காகக் கெத்தினும் ஊரிலேயே தங்கிவிட்டார். ஊர் ஆடும்போது வாந்தி எடுத்த மனிதர், ஊர் நின்ற பிறகு இன்னும் அதிகமாக எடுத்தார். ஆனாலும் கரைக்குப் போகவில்லை. தினமும் என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சுக்கு, தண்ணி, அக்கா, போதும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொண்டார். பொழுதுபோகாமல் வெங்காயம் உரித்தார். நன்றாகவே உரித்தார்.

இயந்திரத்தின் கணக்கு பொதுக்கூடத்துத் திரையில் தெரியும். வடக்கு என்ற கட்டம் நாளுக்கு நாள் நிறைந்துகொண்டு வந்தது. அக்கா வேலை முடிந்து வந்து அதன் முன் ஒரு நிமிடம் நிற்பாள். பிறகு கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவாள்.

பருவம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தபோது கச்சான் எழும்பியது. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு எங்கள் கடலில் சொன்ன பெயரையே இந்தக் கடலிலும் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை, பூசை நடந்துகொண்டிருந்தது. அமாவாசையை ஒட்டிய பெரிய வற்றம் வேறு. கடல் வடக்கிலிருந்து தள்ளியது, காற்று மேற்கிலிருந்து தள்ளியது. இரண்டு பக்கமும் கட்டுண்ட ஊர் எந்தப் பக்கமும் முகத்தைத் திருப்ப முடியாமல் விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. பீடத்து மெழுகுவத்திகள் விழுந்தன. சாமியார் ஒரு கையால் பீடத்தைப் பிடித்துக்கொண்டு ஓதினார்.

அக்காவுக்குக் காலையில் வைத்த சோறு அப்படியே இருந்ததால் அதை எடுத்துக்கொண்டு நான் அமரத்து நங்கூர அறைக்குப் போனேன். அங்கே அக்கா, இத்வால், கெத்தின் மூவரும் நின்றிருந்தார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அறை முழுவதும் ஒரு சத்தம். யாரோ வாயை மூடிக்கொண்டு ஒரே சுரத்தில் பாடுவது போல.

"தங்கச்சி," என்றார் இத்வால். "சங்கிலி பாடுது."

"கேக்கு அண்ணே."

"முன்சங்கிலியும் பாடுது. நான் போய்க் கேட்டுட்டுதான் வாரேன். ரெண்டுல எது போகும்னு சொல்ல முடியாது. முன்னது போச்சுன்னா டர்பைன் மேல போய் விழுவோம்."

பின்சங்கிலியை ஓர் எஃகு ஆப்புதான் பிடித்திருந்தது. அதைத் தட்டிவிட்டால் சங்கிலி கடலுக்குள் ஓடிவிடும், ஊர் திரும்பிக்கொள்ளும். சுத்தியல் அக்காவின் கையில் இருந்தது.

கெத்தின் ஏதோ சொன்னார். அவர் குரல் நடுங்கியது. காலரில் இருந்த கருவியின் குரல் நடுங்கவில்லை. "தாங்கள் இதனை விடுவித்தால் கணக்கு மீண்டும் இரண்டாகப் பிரியும். இந்தத் தேர்தலில் தங்களுக்கு வாக்கு இராது."

"தெரியும் தம்பி," என்றாள் அக்கா. "ஆளு இருந்தாத்தான ஓட்டு."

ஒரே அடியில் ஆப்பு கழலவில்லை. மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. கடைசி அடியில் சங்கிலி பொறி பறக்க ஓடி மறைந்தது. ஊர் ஒரு பெரிய மூச்சு விட்டது போல அசைந்து, மெல்ல மெல்லத் திரும்பியது. முன்சங்கிலி மொத்தப் பாரத்தையும் வாங்கி ஒரு முறை வெடுக்கென்று இழுபட்டதைக் காலில் உணர்ந்தோம். பிறகு பாட்டு நின்றது. என் கையிலிருந்த சோற்றுத் தட்டு சமமாக நின்றது.

அக்கா சுத்தியலை அதன் இடத்தில் மாட்டினாள். தட்டை வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். இத்வால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை அப்படியே நின்றார்.

மறுநாள் திரையில் எங்கள் கட்டம் வெறுமையாகி, அந்தப் பழைய இரண்டு சொற்கள் வந்துவிட்டன. பயணத்தில் இருப்பவர்கள். ஊரில் ஒருவர்கூட அக்காவிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நெரிஸ் ரொட்டி அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். லூர்தம்மா மைனி அன்று அக்காவைக் கண்ட இடத்தில் எழுந்து நின்றாள். வயதில் மூத்தவள், எழ வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஊரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

கெத்தின் பருவம் முடியும் வரை இருந்துவிட்டுப் போனார். இனி சான்று கொடுக்க என்ன இருக்கிறது, போய்ப் படுத்து உடம்பைத் தேற்றுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. கடைசி நாள் வரை வெங்காயம் உரித்தார்.

கோடை நடுவில் ஒரு தீர்ப்பு வந்தது. நாங்கள் அதை வானொலியில்தான் கேட்டோம். பட்டியலிலிருந்து பெயர் நீங்கிய ஒரு வாக்காளர் முறையிட்டிருந்தாராம். அங்கோர்வாவில் இருந்தபோது நான் பயணத்தில் இருக்கவில்லை, நங்கூரத்தில் இருந்தேன் என்று சொன்னாராம். யாரோ கரை வழக்கறிஞர் என்று நினைத்துக்கொண்டு அவருக்காகக் கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினோம். நீதிபதி ஓர் அம்மா. தீர்ப்பை நெரிஸ் எங்களுக்குத் தமிழில் சொன்னார். கயிறு எவ்வளவு தூரம் விடுகிறதோ அவ்வளவு தூரம் ஆடுவது பயணம் ஆகாது. வேறு வீடு இல்லாமல் அங்கேயே குடியிருப்பவர்கள், அவர்களுடைய நங்கூரம் எங்கே கிடக்கிறதோ அங்கே வாழ்கிறார்கள். நங்கூரம் கிடக்கும் மண்டலமே அவர்கள் மண்டலம்.

கேட்டதும் இத்வால் என் அடுப்படிக்கே வந்து ஆடினார். வயதான கால்களால் ஆடக்கூடிய அளவுக்கு.

பிறகுதான் நங்கூரம் எந்தப் பக்கம் கிடக்கிறது என்ற கேள்வி வந்தது. போட்டபோது அது கோட்டுக்கு வடக்கே ஒரு படகு நீளம் தள்ளி விழுந்ததாகத்தான் எல்லோருக்கும் ஞாபகம். கரையிலிருந்து ஒரு முக்குளிக்கும் இயந்திரத்தை அனுப்பினார்கள். அது எடுத்த படத்தைத் திரையில் பார்த்தோம். சேற்றில் ஒரு நீளமான உழவுச் சால். அந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஆப்பைத் தட்டிய நேரத்தில், ஊர் சுழன்று இழுத்த இழுப்பில் நங்கூரம் பெயர்ந்து, கோட்டைத் தாண்டி, தெற்குப் பக்கம் போய் ஆழப் புதைந்திருந்தது. நாங்கள் நடு-மேற்கு வேல்ஸ் மண்டலத்துக்காரர்கள் ஆகியிருந்தோம்.

நெரிஸ் எதுவும் பேசாமல் இத்வாலைப் பார்த்துப் புன்னகை மட்டும் செய்தார். பேசியிருந்தால்கூட இத்வாலுக்கு அத்தனை வலித்திருக்காது.

"தங்கச்சி," என்றார் இத்வால், "எங்கப்பன் நீஞ்சப் பழகிட்டு இருப்பான்."

ஓட்டு நாளன்று வெயில் அடித்தது. பொதுக்கூடத்தில் கரண்டிக்கு அடியில் பெட்டி வைத்திருந்தார்கள். இயந்திரம் பட்டியல் எழுதினாலும் ஓட்டைக் கையால்தான் போட வேண்டும் என்பது இந்த நாட்டுப் பிடிவாதம், அது எங்களுக்குப் பிடித்திருந்தது. தேர்தல் அலுவலராகக் கெத்தினே வந்திருந்தார். படகிலிருந்து இறங்கியபோது முகம் பச்சையாக இருந்தது, ஆனால் வாந்தி எடுக்கவில்லை. அதற்கே ஊர் கை தட்டியது.

முதல் ஆளாக அக்காவை நிறுத்தினார்கள். இந்த நாட்டில் ஓட்டு உள்ள பதினாறு வயதுப் பிள்ளைகள்கூட அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் உள்ளே போய் இரண்டு தாள்களையும் மடித்துப் பெட்டியில் போட்டாள். வெளியே வந்தவள் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நங்கூர அறைக்குப் போய், சங்கிலிக்குப் பூசும் தார் மாதிரியான கீல் டப்பாவை எடுத்து வந்தாள். ஆள்காட்டி விரல் நகத்தில் கறுப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டாள்.

"அது என்னது, வியாதியா?" என்று கேட்டார் இத்வால்.

"ஓட்டுப் போட்டதுக்கு அடையாளம், அண்ணே. எங்க ஊர்ல உண்டு."

"போகுமா?"

"லேசுல போகாது."

"அப்ப எனக்கும் வை. எங்கப்பன் கேட்டா மறைக்க முடியாதுல்லா."

நெரிஸ் நீட்டினார். லூர்தம்மா மைனி நீட்டினாள். பிறகு வரிசையே கீல் டப்பா வழியாகப் போய்த்தான் வெளியேறியது. மதியத்துக்குள் ஊரில் வெள்ளை விரலும் கறுத்த விரலும் ஒரே அடையாளத்தோடு ரொட்டியைப் பிய்த்தன, சோற்றைப் பிசைந்தன. நானும் நீட்டினேன். அப்பாவின் விரலில் நான் பார்க்காததை என் விரலில் பார்த்தேன்.

வரிசை முடிந்ததும் அக்கா டப்பாவோடு கெத்தினிடம் போனாள். அவர் கதவருகில் நின்றிருந்தார். அவர் கரையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருப்பார் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"தம்பி, கையக் காட்டுங்க."

அவர் கையை நீட்டவில்லை. விரல்களை மெல்ல உள்ளே மடக்கிக்கொண்டார். கருவி காலரில் இல்லை, கழற்றிப் பையில் போட்டிருந்தார். என் அடுப்படியில் கற்ற சொற்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக அடுக்கிச் சொன்னார்.

"வேண்டாம் அக்கா. நான் ஓட்டு இல்ல. நான் பயணத்துல இருக்கேன்."

அக்கா டப்பாவைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. பருவம் முழுவதும் அவருடைய கைப்பட்டையும் எங்களோடுதான் ஆடிக்கொண்டிருந்தது. எங்களை எழுதிய அதே சொற்களை இயந்திரம் அவருக்கும் எழுதி, கரையில் அவர் பெயரை நீக்கியிருக்கிறது. அதற்காகத்தான் கடைசி நாள் வரை வாந்தியும் வெங்காயமுமாக இருந்திருக்கிறார். பெயர் நீங்கியவர்தானே முறையிட முடியும். ஆனால் வேறு வீடு இல்லாதவர்களுக்குத்தான் தீர்ப்பு. அவருக்குக் கரையில் வீடு இருந்தது. அங்கே திரும்பவும் பெயர் சேர்ப்பதற்குள் பட்டியலை மூடிவிட்டார்கள்.

அக்கா டப்பாவின் மூடியை இறுக்கினாள். அதை நங்கூர அறைக்குக் கொண்டுபோகாமல் சமையல்கூடத்துக்கு எடுத்து வந்து, சுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது கெத்தின் வெங்காயத்துக்கு," என்றாள். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். "அடுத்த தேர்தல் வரைக்கும் காஞ்சிராம பாத்துக்க, பிரின்சி."

பார்த்துக்கொள்கிறேன். அவ்வப்போது திறந்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு குச்சியால் கிளறி மூடி வைக்கிறேன். சன்னலில் மலை வருகிறது, போகிறது. கீல் இன்னும் இளக்கமாகத்தான் இருக்கிறது.